கரிக்குள் துளை எப்படி வருகிறது? பாஸ்பாரிக் அமிலமும் கே.ஓ.ஹெச்.சும் செய்யும் வேலை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாயுவையும் சாயத்தையும் ஒட்டிப் பிடிக்கும் நுண்துளைக் கரி, எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சார், கே.ஓ.ஹெச். போட்டால் சர்ஃபேஸ் ஏரியா எவ்வளவு வரும்?” கே.ஓ.ஹெச். என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், சர்ஃபேஸ் ஏரியா என்பது ஒரு கிராம் கரியின் மொத்தப் பரப்பு. இரண்டாயிரம் சதுர மீட்டரா மூவாயிரமா என்று எண்ணின் மேல்தான் கண். அந்த வேதிப்பொருள் கரிக்குள் போய் என்ன செய்கிறது, எங்கே உட்காருகிறது, எப்போது வெளியே வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அமிலமோ காரமோ கரியை அரித்து ஓட்டை போடுகிறது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கே.ஓ.ஹெச். விஷயத்தில் அது பாதி உண்மை, பாஸ்பாரிக் அமிலத்தின் விஷயத்தில் கிட்டத்தட்ட தப்பு. என்னைக் கேட்டால், வேதிப்பொருள் உட்கார்ந்திருந்து எழுந்துபோன இடம்தான் துளை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் விகிதம், வெப்பநிலை, கழுவுதல் எல்லாவற்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 2 நானோமீட்டருக்குக் குறைவான அகலம் என்றால் மைக்ரோ துளை, 2 முதல் 50 வரை மீசோ, அதற்கு மேல் மேக்ரோ. கிராஃபைட்டில் ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் 0.335 நானோமீட்டர்தான் இடைவெளி, ஆகவே நடுவிலிருந்து மூன்று அடுக்கை உருவி எடுத்தால் கிடைப்பது சுமார் 1 நானோமீட்டர் சந்து. ஆக்டிவேட்டட் கார்பனுக்குள் இருப்பவை பெரும்பாலும் இந்த மாதிரிச் சந்துகள்தான். ஒரு கிராமுக்கு 1200 சதுர மீட்டர் என்று ரிப்போர்ட்டில் வந்தால், அந்தச் சந்துகளின் சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 30 சென்ட் நிலம் என்று அர்த்தம்.

சாதாரணக் கரியிலும் துளை உண்டு. மரத்தையோ தேங்காய்த் தொட்டியையோ காற்றில்லாமல் சுடும்போது கார்பன் அடுக்குகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாமல் கோணல்மாணலாக நிற்கும், நடுவில் இடைவெளி விழும், ஆனால் சுடும்போதே வரும் தார் அந்த இடைவெளியில் படிந்து வாயை அடைத்துவிடும். ரோசலிண்ட் பிராங்க்ளினை டி.என்.ஏ. படத்தோடு மட்டும்தான் நாம் நினைவு வைத்திருக்கிறோம். அவர் அதற்கு முன்பே, 1942இல் தொடங்கி, நிலக்கரியின் நுண்துளைகளைப் பற்றி ஆராய்ந்தவர். எவ்வளவு சூடாக்கினாலும் கிராஃபைட்டாக மாறாத கரி, கிராஃபைட்டாக மாறும் கரி என்று கார்பனை இரண்டாகப் பிரித்துக் காட்டிய அவருடைய 1951ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. தேங்காய்த் தொட்டி முதல் வகை. அந்தக் கோணல்மாணல் அமைப்புதான் அதைத் துளைகளுக்கு உகந்த பொருளாக்குகிறது.

அடைபட்ட துளையைத் திறக்க இரண்டு வழி. ஒன்று நீராவி: 800 முதல் 1000 டிகிரி வரை சூடான கரியின் மேல் நீராவியை விட்டால் அது கார்பன் அணுவைக் கழற்றி கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். இது உண்மையிலேயே அரிப்புதான், துளை பெருகப் பெருகக் கரி குறையும். இன்னொன்று வேதிமுறை. இதில் வேதிப்பொருள் சூட்டுக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சலித்த மரத்தூளில் அமிலத்தை ஊற்றி ஊறவைத்து 110 டிகிரி ஓவனில் வைத்தால் தூள் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், கண்ணாடிக் குச்சியால் கிளறினால் குழைந்து ஒட்டிக்கொண்டு இழுபடும். உலைக்குள் இன்னும் போகவே இல்லை, அதற்குள் மரம் மரமாக இல்லை. செல்லுலோஸ் சங்கிலிகளை அமிலம் ஆங்காங்கே வெட்டிவிட்டது, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராகப் பிடுங்கி எடுக்கத் தொடங்கிவிட்டது, வெட்டுப்பட்ட துண்டுகளுக்கு நடுவே பாஸ்பேட் பாலங்கள் போட்டு அவற்றை விலக்கிப் பிடித்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, வகுப்பில் நான் கட்டாயம் போட்டுக்காட்டுவேன். செல்லுலோஸின் ஓர் அலகின் நிறை 162, அதில் கார்பன் 72. எல்லா ஆக்சிஜனும் தண்ணீராக மட்டுமே போனால், கார்பன் ஓர் அணுகூடச் சேதமாகாமல், நூற்றுக்கு 44 பங்கு மிஞ்ச வேண்டும். ஆனால் வெறுமனே சுட்டால் ஆக்சிஜன் போகும்போது கார்பனையும் இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக, மோனாக்சைடாக, தாராகப் போய்விடுகிறது, கையில் நிற்கும் கரி அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அமிலம் ஆக்சிஜனைத் தண்ணீர் வழியாகவே வெளியேற்றப் பார்க்கிறது, அதனால் கார்பன் தங்குகிறது, தார் குறைகிறது, துளை அடைபடுவதும் குறைகிறது. கரியும் அதிகம், துளையும் அதிகம். அரிப்பினால் துளை வருகிறது என்றால் இப்படி இரண்டும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பே இல்லை.

உலையில் சூடு ஏற ஏற அந்த பாஸ்பேட் பாலங்கள் அமைப்பை விரித்துப் பிடித்திருக்கும். 450 டிகிரி வாக்கில் அது உச்சத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் பாலங்கள் அறுபட்டு அமைப்பு சுருங்கத் தொடங்கும், துளையின் மொத்தக் கொள்ளளவும் குறையும். அதனால்தான் பாஸ்பாரிக் அமிலக் கரியை 400 முதல் 600 டிகிரிக்குள் முடித்துக்கொள்கிறார்கள். கே.ஓ.ஹெச்.சுக்கு எழுதிய 800 டிகிரியை அப்படியே இதற்கும் போட்டுவிட்டு, ஏன் பரப்பு வரவில்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், ஒரு செமஸ்டர் உழைப்பு அது.

விகிதத்துக்கும் இதே விளக்கம்தான். மரத்தூளின் எடைக்கு அமிலம் குறைவாக இருந்தால் உள்ளே போய் உட்காருவது சின்னச் சின்ன பாஸ்பேட் துண்டுகள், கிடைப்பது மைக்ரோ துளை. அமிலத்தை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று கூட்டினால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட பாலிபாஸ்பேட்டுகளாகி அகலமான இடத்தைப் பிடிக்கும், மீசோ துளை பெருகும். துளையின் அகலத்தை எடை போடும்போதே கிட்டத்தட்ட தீர்மானித்துவிடலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம்.

ஜிங்க் குளோரைடும் (துத்தநாகக் குளோரைடு) இதே குடும்பம்தான், அதுவும் தண்ணீரைப் பிடுங்கும். வரலாற்றில் இதுதான் மூத்தது: ரஃபேல் ஃபான் ஆஸ்ட்ரெய்கோ 1900, 1901 ஆண்டுகளில் எடுத்த காப்புரிமைகளில் உலோகக் குளோரைடு முறையும் உண்டு, வாயு முறையும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் போஹீமியாவின் ஆஸிக் நகரில், இன்றைய செக் குடியரசின் ஊஸ்டி நாட் லாபெமில், மரத்தூளையும் ஜிங்க் குளோரைடையும் சேர்த்து கார்போராஃபின் என்ற பெயரில் கரி தயாரித்தார்கள். ஜெர்மானிய விஷவாயு முகமூடிகளுக்குள்ளும் ஜிங்க் குளோரைடில் ஊறிய மரக்கரி இருந்தது. பின்னாளில் ஸ்பெயினின் அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் ரோட்ரிகஸ்-ரெய்னோசோவின் குழு பீச் பழக்கொட்டையை வைத்து இதை ஆராய்ந்து, அளவு மிதமாக இருக்கும்வரை உள்ளே போன ஜிங்க் குளோரைடின் கொள்ளளவுக்கும் கடைசியில் கிடைக்கும் மைக்ரோ துளையின் கொள்ளளவுக்கும் நேரடியாகவே பொருத்தம் இருப்பதைக் காட்டியது. நான் மேலே சொன்ன ‘உட்கார்ந்து எழுந்துபோன இடம்’ என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு கழுவினாலும் கரியில் கொஞ்சம் துத்தநாகம் தங்கும், மருந்துக்கும் உணவுக்கும் ஆகாது, கழிவுநீரும் பிரச்சினை. தொழிற்சாலைகள் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறியதற்கு அதுதான் காரணம்.

இப்போது கே.ஓ.ஹெச். இது வேறு ரகம். மேலே சொன்ன இரண்டுக்கும் ஆக்சிஜன் நிறைந்த பச்சைப் பொருள் வேண்டும், மரத்தூள், கொட்டை, சக்கை என்று. கே.ஓ.ஹெச். கார்பனோடே நேரடியாக மோதும், அதனால் ஏற்கெனவே கரியான பொருளோடும் வேலை செய்யும், பெட்ரோலியக் கோக் என்ற, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கெட்டிக் கார்பனோடுகூட வேலை செய்யும். அமெரிக்காவில் 1970களில் பெட்ரோலியக் கோக்கை கே.ஓ.ஹெச்.சோடு சேர்த்துச் செய்த ஏ.எக்ஸ்.-21 என்ற கரியும், பின்னர் ஜப்பானில் வந்த மேக்ஸார்பும் கிராமுக்கு 3000 சதுர மீட்டர் வாக்கில் காட்டிப் பேர் வாங்கின. ஒரே கிராமில் முக்கால் ஏக்கர்.

உள்ளே நடப்பது இது. சூடேறும்போது கே.ஓ.ஹெச். உருகிக் கரியை நனைக்கும். ஆறு கே.ஓ.ஹெச். இரண்டு கார்பன் அணுவோடு வினைபுரிந்தால் இரண்டு பொட்டாசியம், மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு, இரண்டு பொட்டாசியம் கார்பனேட். 600 டிகிரிக்குள் பெரும்பாலும் கே.ஓ.ஹெச். தீர்ந்துவிடும். 700ஐத் தாண்டும்போது இரண்டாவது கட்டம்: கார்பனேட்டும் அது சிதைந்து வரும் ஆக்சைடும் கார்பனைத் தின்று மேலும் பொட்டாசியத்தையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். பொட்டாசியம் 759 டிகிரியில் கொதிக்கும், ஆக 800 டிகிரி உலையில் அது ஆவி. அந்த ஆவி கார்பன் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கும், ஆறிய பிறகு கழுவி அதை எடுத்துவிட்டாலும் விலகிய அடுக்கு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அரிப்பும் இருக்கிறது, நுழைந்து விரிப்பதும் இருக்கிறது, அதனால்தான் மூவாயிரம் வருகிறது.

ஒரு கிராம் கரிக்கு நாலு கிராம் கே.ஓ.ஹெச். போடுகிறவர்கள் இதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் வினை மட்டுமே சுமார் 0.29 கிராம் கார்பனைத் தின்னும். இரண்டாவது கட்டமும் முழுதாக நடந்துவிட்டால் மொத்தம் 0.86 கிராம் காலி. 900 டிகிரியில் நேரத்தையும் கூட்டிவைத்தால் படகில் (உலைக்குள் வைக்கும் படகு வடிவச் சின்னப் பாத்திரம்) கொஞ்சூண்டு தூள்தான் மிஞ்சும், அதில் மைக்ரோ துளைகளின் சுவரும் இடிந்து ஒன்றாகிப் பெரிதாகியிருக்கும்.

கே.ஓ.ஹெச். வைத்து வேலை செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள், தயவுசெய்து. அலுமினா, குவார்ட்ஸ் பாத்திரங்களை உருகிய காரம் அரித்துவிடும், நிக்கல் படகு பயன்படுத்துவது நல்லது. உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் ஆவியாகிப் போய்ப் படிந்ததெல்லாம் பொட்டாசியம் சேர்மம், அதில் உலோகப் பொட்டாசியமும் இருக்கலாம். அதனால் காற்று புகாமலிருக்க உலைக்குள் ஓடவிடும் நைட்ரஜனை முழுக்க ஆறும்வரை நிறுத்தவே கூடாது, வெளியே எடுத்ததும் தண்ணீரை மடமடவென்று ஊற்றவும் கூடாது. உலையிலிருந்து ஹைட்ரஜனும் மோனாக்சைடும் வருகின்றன, வெளியேறும் குழாய், வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான் இருக்க வேண்டும். “கொஞ்சம்தானே சார்” என்று இதில் சொல்லவே கூடாது.

அடுத்து கழுவுதல். தீசிஸ்களில் ‘பிஹெச் 7 வரும்வரை கழுவப்பட்டது’ என்று ஒரே வரியில் போய்விடும் வேலை. என் பார்வையில் துளை பிறப்பதே இங்கேதான். உலையிலிருந்து வந்த பாஸ்பாரிக் அமிலக் கரியை அப்படியே அளந்தால் பரப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும், சந்துகள் முழுக்க பாலிபாஸ்பேட் அடைத்து நிற்கிறது. வெந்நீர் வேண்டும், குளிர்ந்த நீரில் அது சரியாகக் கரைந்து வராது. வடிகட்டிய நீரில் கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் விட்டு லேசாகச் சூடாக்குங்கள், பி.எஸ்சி. ஆய்வகத்தில் பார்த்த அதே கேனரி மஞ்சள் வீழ்படிவு வரும். அது வராமல் போகும்வரை கழுவ வேண்டும். மேலே நிற்கும் நீரின் பிஹெச் 7 காட்டினாலும், கரியை அதே நீரில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் 5க்கு இறங்கியிருப்பது சாதாரணம், உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். கே.ஓ.ஹெச். கரிக்கு முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு வெந்நீர், கடைசியில் சில்வர் நைட்ரேட் விட்டுக் குளோரைடு போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

அளவீடு. மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனை ஏறவிட்டு, எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு ஒட்டுகிறது என்று வரைகிறோம். இங்கே அழுத்தம் என்பது செறிவு அழுத்தத்தில் எத்தனை பங்கு என்ற விகிதம், 0 முதல் 1 வரை. வளைகோட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: ஆரம்பத்திலேயே செங்குத்தாக ஏறி அப்புறம் படுத்துவிட்டால் மைக்ரோ துளை, நடுவில் தொடர்ந்து ஏறி, திரும்பி வரும்போது வேறு பாதையில் வந்து 0.4 வாக்கில் சேர்ந்துகொண்டால் மீசோ இருக்கிறது. அதன் பிறகு பரப்பைக் கணக்கிடும் பி.இ.டி. சமன்பாடு. புரூனோவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் கொடுத்தது, ஹைட்ரஜன் குண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே டெல்லர்தான். அது அடுக்கு அடுக்காகப் படிவதற்கான சமன்பாடு, ஆனால் ஒரு நானோமீட்டர் சந்தில் அடுக்கு படிய இடமேது, நைட்ரஜன் உள்ளே போய் நிரம்பிவிடுகிறது. அதனால் 0.05 முதல் 0.30 வரை என்ற பாடப்புத்தக எல்லையை மைக்ரோ துளைக் கரிக்கு அப்படியே போடக் கூடாது, இன்னும் குறைந்த அழுத்தத்தில் புள்ளிகளை எடுக்க வேண்டும், சமன்பாட்டின் மாறிலி ‘சி’ எதிர்மறையாக வந்தால் தேர்ந்த எல்லை தப்பு என்று அர்த்தம். ஒற்றை கிராஃபீன் தாளின் (கிராஃபைட்டின் ஒரே ஓர் அடுக்கு) இரண்டு பக்கத்தையும் சேர்த்தாலே கிராமுக்கு 2630 சதுர மீட்டர்தான். 3500 என்று ஒரு எண் வந்தால் சந்தில் நிரம்பிய நைட்ரஜனும் பரப்பாக எண்ணப்பட்டிருக்கிறதா என்று கேட்பதுதான் முறை. 0.7 நானோமீட்டருக்குக் கீழே உள்ள சந்துகளில் அந்தக் குளிரில் நைட்ரஜன் நுழையவே சிரமப்படும், அதற்கு 0 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடை வைத்து அளப்பது நல்லது.

சரி, எந்தத் துளை நல்லது? எதைப் பிடிக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்து. சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க 0.8 நானோமீட்டருக்குக் கீழே உள்ள சந்துகள்தான் உதவுகின்றன, மூவாயிரம் சதுர மீட்டர் கரியைவிட ஆயிரத்து ஐந்நூறு உள்ளது அதிகம் பிடிக்கலாம். மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டரில் அயனி தன்னைச் சுற்றியுள்ள கரைப்பானோடு நுழைய வேண்டும், அதற்கு அகலம் வேண்டும் என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். கோகோட்சி, சிமோன் குழுவினர் 2006இல் 1 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது மின்தேக்கு திறன் ஏறுவதைக் காட்டினார்கள், அயனி தன் மேலுறையைக் கொஞ்சம் கழற்றிவிட்டு உள்ளே போகிறது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம் நடப்பது சாய ஆராய்ச்சி. மெத்திலீன் புளூ என்ற சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது, ஆகவே திருப்பூர் சாயக்கழிவுக்கு ஏற்றது என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். மெத்திலீன் புளூவின் மூலக்கூறு எடை சுமார் 320, நேர்மின்சுமை கொண்டது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை, ரியாக்டிவ் பிளாக் 5 என்பதன் எடை 992 வாக்கில் வரும். மைக்ரோ துளையின் வாசலிலேயே அது நின்றுவிடும், அதற்கு மீசோ வேண்டும். மீசோ கொடுக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரியின் பரப்பில் அமிலத் தொகுதிகள் நிறைய, அவை எதிர்மின்சுமை ஏறி அதே சாயத்தைத் தள்ளிவிடும், அதனால் பிஹெச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உண்மையான சாயத்தில் சோதிக்காமல் இதற்கு விடை கிடையாது.

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் இவ்வளவு தொட்டிக்கரி இருக்கிறதே, அங்கே ஏன் அமிலம் போடுவதில்லை என்றும் கேட்பார்கள். தொட்டி அடர்த்தியானது, கடினமானது, நீராவியிலேயே நல்ல மைக்ரோ துளை தருகிறது, குடிநீர் வடிகட்டவும் சுரங்கத்தில் தங்கத்தைப் பிடிக்கவும் அந்த அகலமும் அந்தக் கடினமும்தான் வேண்டும். சூப்பர் கெபாசிட்டரில் அதிகம் பயன்படும் ஜப்பானின் ஒய்.பி.-50எஃப் கரியும் தேங்காய்த் தொட்டியை நீராவியில் சுட்டதுதான். அமிலம் வாங்கி, கழுவி, அமிலத்தை மீட்டெடுத்து, கழிவைச் சுத்தம் செய்து என்று செலவழிக்க அங்கே அவசியம் இல்லை.

ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் வேறு கதை. மூட்டம் போட்டு எடுக்கும் அந்தக் கரிக்கு அடுப்பைத் தவிர வேறு நல்ல உபயோகம் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஏற்கெனவே கரியானதால் பாஸ்பாரிக் அமிலத்துக்கு அதில் வேலை குறைவு, பொட்டாசியம் வழிதான் ஒத்துவரும். ஆனால் பாத்திரத்தையே அரிக்கும் கே.ஓ.ஹெச். வேண்டாம். பொட்டாசியம் கார்பனேட்டிலிருந்தே தொடங்கினால் முதல் கட்டத்தைத் தாண்டி நேரே இரண்டாவது கட்டத்துக்குப் போகலாம், 700 டிகிரிக்கு மேல் வேண்டும், பரப்பு கொஞ்சம் குறையும், கையாளுவது எவ்வளவோ பாதுகாப்பு. தென்னை மட்டைச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. சாம்பலைக் கரைத்து வடித்து, காய்ச்சி எடுத்த உப்பை அந்தக் கரியோடு அரைத்து 800 டிகிரியில் வைத்துப் பார்க்கும் வேலையை இந்த செமஸ்டர் ஒரு மாணவி எடுத்திருக்கிறாள். முதல் சாம்பிள் இப்போது கழுவலில் இருக்கிறது.